டப்பாவுக்குள் டொர்னாடோ: தர்மபுரிக்கு எதற்கு?

அறிவியல் கண்காட்சி என்றாலே ஒரு எரிமலை இருக்கும், ஒரு மழைநீர் சேகரிப்பு வீடு இருக்கும், ஒரு காற்றாலை கண்டிப்பாக இருக்கும். இப்போது யூடியூப் புண்ணியத்தில் அந்த வரிசையில் டொர்னாடோ பெட்டியும் சேர்ந்துவிட்டது.

தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரமோ, பாலக்கோடோ, அரூரோ, எந்த ஊர்ப் பள்ளியாகவும் இருக்கலாம். மேஜை மேல் கண்ணாடியால் செய்த ஒரு பெட்டி. அடியில் மின்அடுப்பு, அதன் மேல் ஒரு தட்டில் தண்ணீர். ஆவி கிளம்புகிறது. கொஞ்ச நேரத்தில் அந்த ஆவி ஒன்றுசேர்ந்து, ஒல்லியான ஒரு தூணாக நெளிந்து நெளிந்து சுழல ஆரம்பிக்கிறது. பார்ப்பவர்கள் எல்லோரும் செல்போனை எடுத்துவிடுகிறார்கள். அந்த நேரம் நடுவர் வருகிறார். உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"இது என்னப்பா?"

"டொர்னாடோ சார். அமெரிக்காவுல வரும் சார்."

"எப்படிச் சுத்துது?"

"சூடான காத்து மேல போகும் சார், குளிர்ந்த காத்து உள்ள வரும் சார். அதனால சுத்தும் சார்."

"வெரி குட்!"

பரிசும் கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பதில் தவறு!

சூடான காற்று மேலே போய், குளிர்ந்த காற்று உள்ளே வந்தாலே சுழற்சி பிறந்துவிடும் என்றால், இட்லிப் பானையைத் திறக்கும்போதெல்லாம் சமையலறையில் டொர்னாடோ கிளம்ப வேண்டும். கிளம்புவதில்லை. ஆவி கலைந்து கலைந்து மேலே போகிறது, அவ்வளவுதான். அப்படியானால் கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும் ஏன் சுழல்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்காத வரைக்கும் அந்தப் பெட்டி வெறும் வித்தை. கேட்டுவிட்டால் அதைவிட மலிவான, அதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது. இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் அதுதான்.

சுழற்சியைக் கொடுத்தது யார்?

பெட்டியின் நான்கு மூலைகளையும் கவனித்துப் பாருங்கள். ஒவ்வொரு மூலையிலும் செங்குத்தாக ஒரு இடைவெளி விட்டிருப்பார்கள். காற்று நேராக நடுவை நோக்கிப் பாயாமல், சுவரை ஒட்டிச் சாய்வாக நுழையும்படி அந்த இடைவெளிகள் அமைந்திருக்கும். நான்கு மூலையிலும் ஒரே திசையில் சாய்வு. அதனால் உள்ளே வரும் காற்று வரும்போதே லேசாகச் சுற்றிக்கொண்டுதான் வருகிறது.

அந்த லேசான சுழற்சி நடுவை நெருங்க நெருங்க வேகமாகிறது. பதினோராம் வகுப்பு இயற்பியலில் வரும் கோண உந்த மாறா விதிதான் இது. கையை விரித்துச் சுழலும் நடனக்காரர் கையை மடக்கியதும் வேகமாகச் சுழல்வது போல, அகலமான வட்டத்தில் மெதுவாகச் சுற்றிய காற்று, குறுகிய வட்டத்துக்கு வந்ததும் விர்ரென்று சுற்றுகிறது.

ஆக, மேலே இழுத்தது வெப்பம். வேகத்தைக் கூட்டியது கோண உந்தம். ஆனால் சுழற்சியைக் கொடுத்தது? பெட்டியை வெட்டியவரின் கத்திதான்! இடைவெளிகளை எதிர்ப்பக்கமாகச் சாய்த்து வெட்டினால் சுழலும் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். இடைவெளிகளை அடைத்துவிட்டு நடுவை நோக்கி நேராகத் துளை போட்டால் சுழல் சரியாக நிற்கவே நிற்காது.

இன்னொரு சுவாரசியமும் உண்டு. சுழலும் காற்று தரையை உரசும் இடத்தில் வேகம் குறைகிறது. வேகம் குறைந்த காற்றால் வட்டத்திலேயே நிற்க முடியாமல் நடுவை நோக்கிச் சரிகிறது. டம்ளரில் டீயைக் கலக்கிவிட்டு ஸ்பூனை எடுத்ததும், அடியில் இருக்கும் டீத்தூள் ஓரத்துக்குப் போகாமல் நடுவில் வந்து குவிகிறதே, அதே காரணம். இந்த டீத்தூள் விஷயத்தை 1926இல் ஐன்ஸ்டீனே உட்கார்ந்து விளக்கி எழுதியிருக்கிறார். டொர்னாடோ தரையருகே அத்தனை மூர்க்கமாக இருப்பதற்கு இந்த உராய்வும் ஒரு காரணம். தரை காற்றைத் தடுக்கிறது, தடுப்பதாலேயே சுழலுக்குத் தீனி போடுகிறது!

மூன்று காற்றுக்கும் ஒரே பெயரா?

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட்டு மேலே போவது நல்லது. வங்கக் கடலில் உருவாகி வருவதைப் பாடப்புத்தகம் சூறாவளி என்கிறது. அமெரிக்க டொர்னாடோவைச் செய்தித்தாள் சூறாவளி என்கிறது. கோடை மழையோடு வந்து வாழையைச் சாய்ப்பது "சூறைக்காற்று". மத்தியான வெயிலில் மேட்டுக்காட்டில் சருகையும் புழுதியையும் தூக்கிக்கொண்டு ஓடுவதும் ஊர்ப் பேச்சில் "சூறக்காத்து"தான். சில ஊர்களில் அது பேய்க்காற்று. எச்சில் துப்பினால் விலகிப் போய்விடும் என்று பாட்டிமார் சொல்வதும் உண்டு.

உண்மையில் இவை வெவ்வேறு பிறவிகள்.

புயல் என்பது வெதுவெதுப்பான கடலில் பிறப்பது. அகலம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், ஆயுள் பல நாட்கள். 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா அந்த வகை.

டொர்னாடோ என்பது இடிமேகத்தின் அடியிலிருந்து தரை வரைக்கும் நீளும் சுழல். அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள், ஆயுள் பெரும்பாலும் சில நிமிடங்கள். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் வீட்டை அஸ்திவாரத்தோடு துடைத்துவிடக் கூடியது.

மேட்டுக்காட்டில் ஓடுவது புழுதிச் சுழல். இதற்கு மேகமே தேவையில்லை. வானம் தெளிவாக இருக்க வேண்டும், தரை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். சூடேறிய தரைக்கு மேலே உள்ள காற்று கிளம்புகிறது, அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் சின்னச் சின்னச் சுழற்சிகள் ஒடுங்கி வேகமெடுக்கின்றன. இது வலமாகவும் சுற்றும், இடமாகவும் சுற்றும். பூமியின் சுழற்சி இவ்வளவு சின்ன விஷயத்தில் தலையிடுவதில்லை.

இப்போது மறுபடியும் அந்தக் கண்காட்சி மேஜைக்குப் போகலாம். அடியில் அடுப்பு, மேகம் கிடையாது, கீழிருந்து கிளம்பும் வெப்பம். இது எதனுடைய மாதிரி? அமெரிக்க டொர்னாடோவுடையதா? இல்லவே இல்லை. இது அச்சு அசலாக, உழுது போட்ட மேட்டுக்காட்டில் மார்ச் மாத மத்தியானம் ஓடுகிறதே, அந்தப் பேய்க்காற்றின் மாதிரி!

அந்த மாணவன் தன் ஊர்க் காற்றைச் செய்துவிட்டு, அதற்கு ஓக்லஹோமா என்று பெயர் ஒட்டி வைத்திருக்கிறான். தினமும் பள்ளிக்குப் போகும் வழியில் பார்க்கிற ஒன்றைத்தான் செய்திருக்கிறோம் என்பது அவனுக்கே தெரியாது. யாரும் சொல்லவில்லை. இதுதான் இதில் உள்ள பெரிய இழப்பு.

பெரிய ஆய்வுக்கூடங்கள் என்ன செய்தன?

டொர்னாடோவை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவரும் முயற்சியில் ஒரு திருப்புமுனை 1972. ஓக்லஹோமாவில் உள்ள தேசிய கடும்புயல் ஆய்வகத்தில் இருந்த நீல் வார்டு அந்த ஆண்டு வெளியிட்ட கட்டுரைதான் பிறகு வந்த பல கருவிகளுக்கும் தாய்.

வார்டு அடுப்பு வைக்கவில்லை. இடிமேகம் மேலிருந்து காற்றை உறிஞ்சுவது போல, மேலே ஒரு விசிறியை வைத்து உறிஞ்சினார். விசிறியே சுழலும் பொருள் அல்லவா? அதன் சுழற்சி உள்ளே நுழைந்து கணக்கைக் கெடுத்துவிடக் கூடாது என்று, விசிறிக்குக் கீழே தேன்கூடு போன்ற ஒரு தடுப்பை வைத்தார். உள்ளே வரும் காற்றுக்குத் தேவையான சுழற்சியைச் சுற்றிலும் சுழலும் ஒரு கம்பிவலை கொடுத்தது. காற்று நுழையும் அடுக்கின் உயரத்துக்கும், மேலே உறிஞ்சும் துளையின் அகலத்துக்கும் உள்ள விகிதத்தையும் நிஜ மேகத்தில் இருப்பது போல அமைக்கப் பார்த்தார்.

1979இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் சர்ச், ஸ்னோ, பேக்கர், ஏகி ஆகியோர் இதே வகையில் பெரிய கூடம் ஒன்றை வைத்து விரிவாக அளந்தார்கள். சுழற்சி எவ்வளவு, மேலிழுப்பு எவ்வளவு என்ற விகிதத்தை மட்டும் மெல்ல மெல்லக் கூட்டினால் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. முதலில் ஒல்லியான ஒற்றைச் சுழல். கொஞ்சம் கூட்டினால் அது தடித்துக் குழம்புகிறது. இன்னும் கூட்டினால் இரண்டாகப் பிரிகிறது, பிறகு மூன்று, அதற்கும் மேல். ஒரு பெரிய சுழலுக்குள் குட்டிச் சுழல்கள் சுற்றி வருகின்றன!

இது வெறும் வேடிக்கை இல்லை. ஒரு தெருவில் ஒரு வீடு தரைமட்டம், பக்கத்து வீட்டில் ஓடு கூடக் கலையவில்லை என்ற விசித்திரத்துக்கு இந்தக் குட்டிச் சுழல்கள்தான் ஒரு முக்கியமான விளக்கம். டொர்னாடோவின் வலிமைக்கு 1971இல் அளவுகோல் கொடுத்த டெட்சுயா ஃபுஜிட்டா, சேதமான இடங்களை விமானத்தில் பறந்து படம் எடுத்தே இவற்றின் தடங்களைக் கண்டுபிடித்தார். அவர் வயலில் பார்த்ததும், கூடத்தில் மற்றவர்கள் பார்த்ததும் ஒன்றாகப் பொருந்தின.

பிறகு வந்தவை இன்னும் பெரியவை. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்த்தா சர்க்கார் குழுவினர் கட்டிய கருவியில், சுழலை உண்டாக்கும் அமைப்பையே மேலே உள்ள கிரேனில் தொங்கவிட்டு நகர்த்துகிறார்கள். கீழே மாதிரி வீடுகள். சுழல் வீட்டின் மேல் ஏறிப் போகும்போது கூரையை எவ்வளவு விசையோடு மேலே இழுக்கிறது என்று அளக்கலாம். கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் உள்ள விண்டீ குவிமாடத்தில் 106 விசிறிகள் உண்டு. 25 மீட்டர் அகல அறைக்குள் டொர்னாடோ போன்ற சுழலையும் உண்டாக்கலாம், மேலிருந்து கொட்டும் காற்றையும் உண்டாக்கலாம்.

இத்தனையும் செய்தவர்கள் ஒன்றை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார்கள். இவை உருவான பிறகு உள்ள டொர்னாடோவைக் காட்டுகின்றன. டொர்னாடோ எப்படி *உருவாகிறது* என்பதைக் காட்டுவதில்லை. ஏனென்றால் பள்ளிப் பெட்டியில் கத்தி செய்த வேலையை இங்கே கம்பிவலையும் விசிறிகளும் செய்கின்றன. சுழற்சி முன்கூட்டியே கையில் கொடுக்கப்பட்டுவிட்டது.

நிஜத்தில் அந்தச் சுழற்சி எங்கிருந்து வருகிறது? தரையருகே ஒரு வேகம், மேலே வேறு வேகம் என்று காற்று வீசும்போது, நடுவில் உள்ள காற்று படுத்த உருளை போலப் புரளுகிறது. வளரும் இடிமேகம் அந்த உருளையை நிமிர்த்தி நிற்க வைக்கிறது. மேகமே சுழல ஆரம்பிக்கிறது. இதுவரை தெளிவு. ஆனால் இப்படிச் சுழலும் மேகங்களில் பெரும்பாலானவை டொர்னாடோவைப் பிறப்பிப்பதே இல்லை! தரையை ஒட்டிய சுழற்சி எப்படி வருகிறது, மழையோடு இறங்கும் குளிர்ந்த காற்றுக்கு அதில் என்ன பங்கு என்பதுதான் இன்னும் முழுதாக விடுபடாத முடிச்சு. அதற்காக அமெரிக்காவில் 1994-95இலும், 2009-10இலும் வண்டி வண்டியாக ரேடார்களை ஏற்றிக்கொண்டு மேகங்களைத் துரத்தினார்கள். லீ ஆர்ஃப் குழுவினர், 2011 மே 24 அன்று ஓக்லஹோமாவைத் தாக்கிய டொர்னாடோவின் மேகத்தை புளூ வாட்டர்ஸ் சூப்பர் கம்ப்யூட்டரில் 30 மீட்டர் கட்டங்களாக மறு உருவாக்கம் செய்தார்கள். அந்த ஒரு மேகத்தை ஓட்டிப் பார்க்க மூன்று நாட்களுக்கு மேல் ஆனது.

உலகமே இன்னும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்விக்கு, கண்காட்சி மேஜையில் "சூடான காத்து மேல போகும் சார்" என்று ஒரே வரியில் பதில் சொல்லி முடித்துவிடுகிறோம் என்பதைக் கவனியுங்கள்.

பெங்களூரில் நடந்த ஒரு நல்ல காரியம்

ஆய்வுக்கூடத்தில் இயற்கையை நகல் எடுப்பதில் இரண்டு வகை உண்டு. உருவத்தை நகல் எடுப்பது ஒன்று, காரணத்தை நகல் எடுப்பது மற்றொன்று. இரண்டாவது வகைக்கு உதாரணம் தேடி அமெரிக்கா வரைக்கும் போக வேண்டாம். தர்மபுரியிலிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் வரும் பெங்களூரே போதும்.

மறைந்த விஞ்ஞானி ரொத்தம் நரசிம்மாவும் அவருடன் இருந்தவர்களும் மேகத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் செய்து பார்த்தார்கள். அவர்களுடைய கேள்வி எளிமையானது. புகைபோக்கியிலிருந்து கிளம்பும் புகை மேலே போகப் போக விரிந்துகொண்டே போகிறது. மேகம் ஏன் அப்படி விரிவதில்லை? ஏன் காலிஃபிளவர் போல உருண்டு திரண்டு நிற்கிறது?

மேகத்துக்குள் நீராவி குளிர்ந்து துளியாகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. அதாவது மேகம் ஏறும் வழியிலேயே அதற்குள் ஒரு அடுப்பு எரிகிறது. புகைக்கு அந்த அடுப்பு கிடையாது. இதைத் தொட்டிக்குள் எப்படிக் கொண்டுவருவது? உப்பு நீக்கிய தண்ணீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. மேலே ஏறும் நீரில் மட்டும் கொஞ்சம் அமிலம் கலந்தால் அது கடத்தும். வழியில் கம்பிகளை வைத்து மின்சாரம் பாய்ச்சினால், ஏறும் நீர் மட்டும் நடுவழியில் சூடாகும். இந்த உத்தியை வைத்துப் பல ஆண்டுகள் சோதித்து, அந்த வெப்பம்தான் மேகத்தின் போக்கை மாற்றுகிறது என்று 2011இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியிட்டார்கள்.

அந்தத் தொட்டியில் இருந்தது நிஜ மேகம் கிடையாது, தண்ணீருக்குள் தண்ணீர்தான். ஆனால் மேகத்தை மேகமாக்கும் காரணம் அதற்குள் இருந்தது. கண்காட்சிப் பெட்டியில் டொர்னாடோவின் உருவம் இருக்கிறது, காரணம் இல்லை. மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான்.

"இங்கதான் டொர்னாடோவே வராதே!"

நியாயமான கேள்வி. தர்மபுரிக்காரர்களுக்கு எதற்கு இந்த வம்பு?

முதலில், இந்தியத் துணைக்கண்டத்துக்கு டொர்னாடோ புதிதல்ல. 1978 மார்ச்சில் டெல்லியின் வடபகுதியைத் தாக்கியதில் 28 பேர் இறந்தார்கள். 1998 மார்ச்சில் ஒடிசா, மேற்கு வங்க எல்லையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1989 ஏப்ரலில் வங்கதேசத்தின் சதூரியாவில் சுமார் 1300 பேர் இறந்தார்கள். உலகிலேயே அதிக உயிரைக் குடித்த டொர்னாடோ ஓக்லஹோமாவில் வந்தது இல்லை, இதுதான்! 2024 மார்ச் 31 அன்று மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரியில் கூட வந்தது. தமிழ்நாட்டில் அது மிக மிக அரிது, உண்மைதான்.

ஆனால் தர்மபுரிக்கு வேறு காற்று வருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்து, பத்து நிமிடத்தில் குலை தள்ளிய வாழைத்தோட்டத்தைப் படுக்க வைத்துவிட்டுப் போகிறது. மாமரத்தில் பாதிக் காய் தரையில். தகரக் கூரை பக்கத்து வயலில். ஒரு வருட உழைப்பு, வாங்கிய கடன், எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மறுநாள் செய்தி: "சூறாவளிக் காற்றில் வாழைகள் சேதம்".

அது பெரும்பாலும் சுழலே இல்லை. இடிமேகத்துக்குள் மழையால் குளிர்ந்து கனத்த காற்று மொத்தமாகக் கீழே கொட்டி, தரையில் மோதி நாலாபக்கமும் தெறிக்கிறது. குடத்துத் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தது போல. இந்தக் காற்றைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்தவரும் அதே ஃபுஜிட்டாதான். 1945இல் அணுகுண்டு விழுந்த சில வாரங்களில் ஹிரோஷிமா, நாகசாகிக்குப் போய் மரங்கள் விழுந்திருந்த விதத்தைப் பார்த்தவர் அவர். குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழிருந்து நட்சத்திரம் போல வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. 1974இல் அமெரிக்கக் காடுகளுக்கு மேலே பறந்தபோது அதே நட்சத்திர வடிவத்தைச் சில இடங்களில் கண்டார். டொர்னாடோ இப்படிச் சாய்க்காதே என்று யோசித்தார். 1975இல் நியூயார்க்கில் தரையிறங்கும்போது ஒரு விமானம் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த விபத்தை ஆராய்ந்து, கீழே கொட்டும் காற்றுதான் காரணம் என்றார். முதலில் பலர் நம்பவில்லை. அவர் சொன்னதுதான் சரி என்று பிறகு உறுதியானது. இன்று விமான நிலையங்கள் அந்தக் காற்றைக் கண்காணிக்கின்றன.

யோசித்துப் பாருங்கள். அவர் செய்த அடிப்படை வேலை என்ன? எந்த மரம் எந்தப் பக்கம் விழுந்தது என்று குறித்தார். சாய்ந்து கிடக்கும் ஒரு வாழைத்தோட்டத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடிய வேலை அது! எல்லாம் ஒரே பக்கமாகவோ, ஒரு இடத்திலிருந்து விசிறி போலவோ சாய்ந்திருந்தால் கொட்டிய காற்று. ஒடுங்கிய ஒரு தடத்தில் இரண்டு பக்கத்து மரங்களும் நடுவை நோக்கிக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தால் சுழலைச் சந்தேகிக்கலாம். ஒரு காகிதம், ஒரு திசைகாட்டி போதும். செல்போனிலேயே திசைகாட்டி இருக்கிறது.

என்ன செய்யலாம்?

டொர்னாடோ பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். அதன் பக்கத்தில் இன்னும் சிலவற்றை வைத்தால் போதும்.

முதலாவது, பெட்டியையே மாற்றி மாற்றிச் சோதிப்பது. மூலை இடைவெளிகளை அடைத்துத் திறக்கும்படி அட்டையில் செய்யலாம். சாய்வை மாற்றினால் என்ன, நேராக விட்டால் என்ன என்று நடுவர் முன்னாலேயே காட்டலாம். அடுப்புக்குப் பதில் மேலே ஒரு பழைய கம்ப்யூட்டர் விசிறியை உறிஞ்சும்படி வைக்கலாம். வார்டு வைத்த தேன்கூட்டுக்குப் பதில் ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ராக்களைக் கட்டாகக் கட்டி வைத்தால் முடிந்தது. புகைக்கு ஊதுபத்தி. அடுப்பு வைத்தால் "புழுதிச் சுழல்", விசிறி வைத்தால் "டொர்னாடோ" என்று இரண்டு பெயர்ப்பலகை எழுதுவது மட்டும் முக்கியம்.

இரண்டாவது, ஒரு மீன்தொட்டி. உள்ளே வெதுவெதுப்பான தண்ணீர். ஐஸ் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து மேலிருந்து மெல்ல ஊற்றினால், நீலம் அப்படியே இறங்கி, அடியில் மோதி, ஓரம் சுருண்டபடி நாலாபக்கமும் பரவும். வாழையைச் சாய்த்த காற்று அதுதான். விவசாயி ஒருவர் அதைப் பார்த்தால் விளக்கமே தேவைப்படாது.

மூன்றாவதற்குச் செலவே இல்லை. ஒகேனக்கல் போதும். பரிசல் ஓட்டும் அண்ணன்கள் துடுப்பை ஒரு பக்கமாகப் போட்டுப் பரிசலைக் கிறுகிறுவென்று சுற்றிக் காட்டுவார்கள். சுழி எங்கே இருக்கிறது, எந்தப் பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்புகிறது, தண்ணீர் கூடினால் எது ஆபத்து என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. வேகமாக ஓடும் தண்ணீரும் மெதுவாக ஓடும் தண்ணீரும் உரசும் இடத்தில்தான் சுழி பிறக்கிறது என்பதை ஆற்றில் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு, மேகத்தில் சுழற்சி எப்படி வருகிறது என்ற பாடத்தில் பாதி ஏற்கெனவே புரிந்துவிட்டது.

நடுவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "இது எப்படி வேலை செய்கிறது?" என்ற கேள்வியோடு நிறுத்தாமல், "இது எதைக் காட்டவில்லை?" என்று இன்னொரு கேள்வியும் கேட்கலாம். முதல் கேள்விக்கு மனப்பாடம் செய்து பதில் சொல்லலாம். இரண்டாவது கேள்விக்கு முடியாது. "தெரியல சார், ஆனா இடைவெளிய அடைச்சா சுத்தல சார்" என்று சொல்லும் பிள்ளைக்குத்தான் முதல் பரிசு போக வேண்டும்.

கருவி இல்லை, பணம் இல்லை, கிராமத்துப் பள்ளி என்ற காரணங்கள் இந்த விஷயத்தில் எடுபடாது. அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை செய்து பார்த்துக் கற்பதற்காக 2022இல் வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் செமஸ்டர் புராஜெக்ட்டை இணையத்திலிருந்து இறக்குவதற்குப் பதில், மாவட்டத்தில் ஒரு கோடையில் விழுந்த மரங்களின் திசையைத் தொகுத்து ஒரு வரைபடம் போட்டாலே அது உருப்படியான ஆராய்ச்சி. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்த வரப்பில் எந்த மரம் வைத்தால் தடுக்கும், குலை தள்ளிய வாழைக்கு எந்தப் பக்கம் முட்டுக் கொடுக்க வேண்டும் என்று பேச அதன் பிறகு ஒரு ஆதாரம் இருக்கும்.

டொர்னாடோ அமெரிக்காவில் வரும், பேய்க்காற்று ஊரில் வரும், அறிவியல் புத்தகத்தில் வரும் என்று மூன்றையும் தனித்தனி அறையில் பூட்டி வைத்திருப்பதுதான் பிரச்சினை. அடுத்த முறை கண்ணாடிப் பெட்டிக்குள் ஆவி சுழலும்போது, அந்தப் பையனைக் கூப்பிட்டு ஜன்னலுக்கு வெளியே காட்டுங்கள். பள்ளி மைதானத்தின் ஓரத்தில் நாலு சருகையும் ஒரு பாலிதீன் பையையும் தூக்கிக்கொண்டு அதே சுழல் ஓடிக்கொண்டிருக்கும். எச்சில் துப்பி விரட்டாமல் அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று அவன் நின்று பார்த்தால், அந்தப் பெட்டிக்குச் செலவழித்த காசு வசூலாகிவிட்டது.